ரீஹின் காது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என் வாயைக் கிளறக் கூடாது. பாலைவன ஓரத்தில் இருக்கும் எங்கள் தூஸ் ஊரில், வேட்டைக்கு வளர்க்கும் சுலூகியை நாய் என்று சொல்ல மாட்டோம். நாய் என்றால் சந்தைக்குப் பின்னால் எலும்பு பொறுக்கிக்கொண்டு திரிவது. சுலூகி வீட்டுக்குள் வரும், கம்பளத்தில் படுக்கும், மணலில் முயலைக் கண்டால் பறக்கும், விருந்தாளி வந்தால் காலை மடக்கி மரியாதையாக உட்காரும். என் சொந்தக்காரர்கள் சிலருக்கே அந்த மரியாதை தெரியாது.

எங்கள் சுலூகியின் பெயர் ரீஹ். காற்று என்று அர்த்தம். மணல் நிறம், ஒட்டிய வயிறு, மடிந்து தொங்கும் காது. எட்டு வருஷத்துக்கு முன்னால் என் கணவர் லஸ்ஹர் அதைக் குட்டியாகச் சட்டைக்குள் போட்டு எடுத்து வந்தார். அந்த எட்டில் கடைசி மூன்று வருஷம் அவர் இங்கே இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம், சிசிலியில், தக்காளி வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரங்களில் வேலை. போனது படகில், கையில் ஒரு காகிதமும் இல்லாமல். இப்போது அங்கே தங்குவதற்கான அட்டைக்கு எழுதிப் போட்டிருக்கிறார். அட்டை கைக்கு வருமுன் ஊருக்குக் கிளம்பினால் திரும்பிப் போக முடியாது. பட்ட பாடெல்லாம் மண்ணாகிவிடும். அதனால் வரவில்லை. இந்த ஊரில் பாதிப் பெண்களுக்கு இதே கதைதான். ஆனால் என் தலைவலி என் தலையில்தானே இருக்கிறது.

அவருடைய சீழ்க்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை தெருவில் நின்று பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டான். கூப்பிட்டால் அந்தப் பெயர் தெருவில் விழுந்துவிட்டதாக அர்த்தம். ஆளாளுக்கு எடுத்து வைத்துச் சிரிப்பார்கள். அதனால் ஆண்கள் தங்கள் சந்து திரும்பும்போது இருமுவார்கள், தொண்டையைச் செருமுவார்கள். கல்யாணமான முதல் வருஷம் லஸ்ஹரும் இருமிக்கொண்டுதான் வந்தார். ரீஹ் வந்ததும் இருமல் நின்றது. சந்து முனையில் நின்று அதற்குச் சீழ்க்கை அடிப்பார். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. நெட்டை கடைசியில் கொஞ்சம் இறங்கும். நான் கையைத் துடைத்துக்கொண்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போய்க் கதவைத் திறப்பேன். இதில் வேடிக்கை என்னவென்றால், ரீஹுக்கு அந்தச் சீழ்க்கை தேவையே இல்லை. அவர் மூன்று சந்து தள்ளி வரும்போதே வாசனை பிடித்துவிடும். சீழ்க்கை கேட்பதற்குள் கதவில் மூக்கை வைத்து நின்றிருக்கும். இதையெல்லாம் அப்போது யார் யோசித்தார்கள்? அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்.

அவர் போன பிறகு சீழ்க்கை கைபேசியில் வந்தது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கூப்பிடுவார். காற்று அடித்ததா, பேரீச்சை பூத்ததா, தன் அக்காளோடு எனக்குச் சண்டை உண்டா என்று ஐந்து நிமிஷம் பேச்சு. பிறகு, "சரி, ரீஹ் காதுல வை" என்பார். வைப்பேன். அது துள்ளி எழுந்து, கதவுவரை ஓடி, திரும்பி வந்து, ஆளை எங்கே ஒளித்தாய் என்கிற மாதிரி என் முகத்தைப் பார்க்கும். அங்கே அவர் சிரிப்பார். நான் கைபேசியை அதன் காதில் முழுக்க ஒட்டமாட்டேன். ஒரு விரல் இடைவெளி விட்டுப் பிடிப்பேன், எனக்கும் கேட்க வேண்டுமே. வாயில்லாப் பிராணியோடு பங்கு போட்டுக்கொள்ளும் நிலைக்கு வந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமைக்காகத்தான் மற்ற ஆறு நாளையும் தள்ளினேன்.

போன ஏப்ரல் கடைசியில் ரீஹ் தலையை உதற ஆரம்பித்தது. தோப்பில் பார்லி அறுத்த இடத்தில் முயல் துரத்திவிட்டு வந்த மறுநாள். இடது காதைப் பின்னங்காலால் சொறியும், அழும், மறுபடி சொறியும். கிட்டே போனால் ஊறிப்போன மாவு மாதிரி ஒரு வாடை.

பக்கத்து வீடு லஸ்ஹருடைய அக்காள் முன்ஜியாவின் வீடு. இரண்டு மொட்டைமாடிக்கும் நடுவில் முழங்கால் உயரச் சுவர்தான். சுவரைத் தாண்டாத செய்தி எதுவும் எங்கள் வீட்டில் கிடையாது.

"எண்ணெய் ஊத்துடி" என்றாள். "ஒலிவ எண்ணெயைச் சுட வச்சு, அருவதா இலையைக் கசக்கிப் போட்டு, கைபொறுக்கிற சூட்டுல ஊத்து. உம் மாமனாருக்கு எதுல குணமாச்சு? எனக்கு எதுல குணமாச்சு?"

"அது மனுஷங்களுக்கு அக்கா."

"சுலூகி மட்டும் என்ன கல்லா? ரெண்டு காதுலயும் ஊத்தணும், மறந்துடாத. ஒரு காதுக்குக் குடுத்து இன்னொண்ணுக்குக் குடுக்கலன்னா அது பொறாமைப்படும்."

நான் சிரிக்கவில்லை. என் அம்மாவும் அப்படித்தான் எங்கள் இரண்டு காதிலும் ஊற்றுவாள். இந்த ஊரில் காது வலித்தாலும் எண்ணெய், தலை வலித்தாலும் எண்ணெய், பிள்ளை பரீட்சையில் தோற்றாலும் வயிற்றில் தடவ எண்ணெய். நான்கு நாள் ஊற்றினேன். முதலில் வலிக்கிற காது, பிறகு நல்ல காது, இரண்டையும் ஒரே துணியால் துடைத்தேன். முதல் நாள் ரீஹ் போட்ட கூச்சலில் முன்ஜியா மாடிக்கு ஓடி வந்தாள். "மருந்து பிடிக்குது, அதான்" என்றாள். ஐந்தாம் நாள் இரண்டு காதிலிருந்தும் சீழ் வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை லஸ்ஹர் சீழ்க்கை அடித்தபோது ரீஹ் எழுந்திருக்கவில்லை. காதருகே வந்த கைபேசியைப் பார்த்துத் தலையை இழுத்துக்கொண்டது.

"என்ன, சத்தத்தையே காணோம்? லைன் போயிடுச்சா?"

"ஆமாங்க, சிக்னல் சரியில்ல" என்றேன்.

பொய்தான். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனிடம் கெட்ட செய்தி சொல்லக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அப்பன் செத்ததையே நாற்பது நாள் கழித்துச் சொன்ன வீடுகள் உண்டு. நான் காதைத்தானே மறைத்தேன்.

மறுநாள் ரீஹைப் போர்வையில் சுற்றி கிபிலிக்குக் கிளம்பினேன். கால்நடை மருத்துவர் அங்கேதான். பங்கு வாடகைக்கு ஆளேற்றும் வண்டியை ஓட்டுகிறவன் கையை நீட்டித் தடுத்தான்.

"நாயெல்லாம் ஏத்த முடியாதும்மா. நாய் பட்ட இடத்தை மார்க்கப்படி ஏழு தடவை கழுவணும், அதுல ஒரு தடவை மண்ணு போட்டு."

"நாய் எங்கே இருக்குப்பா?" என்றேன். "நீதான் பாத்து சொல்லேன், எங்கே இருக்கு நாய்?"

முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். "தம்பி, இது சுலூகி. சுலூகியை நாய்னு சொன்ன வாயை முதல்ல ஏழு தடவை கழுவு, அப்புறம் வண்டியைக் கழுவலாம்" என்றார். உள்ளே இருந்த ஏழு பேரும் சிரித்தார்கள். ஓட்டுநர் முணுமுணுத்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டான். வழிநெடுக ரீஹ் என் மடியில் தலையை வைக்கப் பார்த்தது. எந்தக் காதையும் அழுத்த முடியாமல் மறுபடி மறுபடி தூக்கிக்கொண்டது.

டாக்டர் ஒல்ஃபா ஸ்ஃபாக்ஸ் நகரத்துக்காரி. முப்பது வயதுதான் இருக்கும், பேச்சு கத்தரிக்கோல். ரீஹுக்கு மயக்க ஊசி போட்டு, விளக்கு வைத்த குழலைக் காதுக்குள் விட்டுப் பார்த்தாள். இடது காதிலிருந்து இடுக்கியால் ஒன்றை இழுத்தாள். பார்லிக் கதிரின் மீசை, என் விரல் நகம் அளவு.

"இதுதான் ஆரம்பம். உள்ள போய் சவ்வைக் கிழிச்சிருக்கு. வலது காதுல எதுவும் இல்ல. அப்ப அது எப்படி இப்படி ஆச்சு?"

நான் ரீஹின் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"எண்ணெய் ஊத்துனீங்களா?"

"ஊத்துனேன்."

"ரெண்டு காதுலயும்?"

"ஒண்ணுக்குக் குடுத்தா இன்னொண்ணு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

"பொறாமைப்படும்" என்று அவளே முடித்தாள். "தெரியும். எங்க வீட்டுலயும் அதே கதைதான். ஒரே துணியால துடைச்சிருப்பீங்க. இந்தக் காதுக் கிருமியை அந்தக் காதுக்கு நீங்களே விருந்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்கீங்க. எண்ணெய் வெளிய வர விடாம மூடிக்கிச்சு. சீழ் கட்டி அந்தச் சவ்வும் போச்சு."

நன்றாக இருந்த காதை நானே கெடுத்தேன். வேறு யார் தலையிலும் போட முடியாது. முன்ஜியா சொன்னாள் என்றால், ஊற்றிய கை யாருடையது?

டாக்டர் காதைக் கழுவி, மாத்திரை கொடுத்து, சீழைப் பஞ்சில் தொட்டுச் சோதனைக்கு அனுப்பினாள். மூன்று வாரம் மாத்திரை போட்டும் ஒன்றும் குறையவில்லை. சோதனை முடிவு வந்ததும் மறுபடி போனேன். அதே வண்டி; ஓட்டுநர் இந்தமுறை சுலூகிக்கு ஸலாம் சொன்னான்.

"பிடிவாதமான கிருமி அக்கா" என்றாள் டாக்டர். காகிதத்தில் பத்து மருந்தின் பெயர் இருந்தது. ஒன்பதைக் கோடு போட்டு அடித்திருந்தார்கள். "இந்த ஒண்ணுக்குத்தான் சாகும். காதுல விடுற சொட்டு மருந்து. பத்து நாள், காலையும் சாயங்காலமும்."

"குடுங்க."

"இருங்க. சவ்வு முழுசா இருந்தா யோசிக்காம குடுத்திருப்பேன். ரெண்டும் கிழிஞ்சிருக்கு. மருந்து உள்காதுக்குப் போகும். கிருமியைக் கொல்லும், அதோட கேக்கிற நரம்பையும் கொன்னுடலாம். கொல்லாமயும் விடலாம். ஆனா நான் பாத்தவரைக்கும் பெரும்பாலும் செவிடாயிடும்."

"வேற வழி?"

"தலைநகர் தூனிஸ் போய் ஆபரேஷன் பண்ணி காதுக் குழாயையே எடுக்கலாம். அதுலயும் கேக்காது. இல்லன்னா வினிகர் கலந்த தண்ணியில தினமும் கழுவிட்டு, வலிக்கு மாத்திரை குடுத்துட்டு இழுக்கலாம். இப்ப கொஞ்சம் கேக்குது. அது அப்படியே இருக்கும். வலியும் அப்படியே இருக்கும்."

"எத்தனை நாள் இழுக்கலாம்?"

"எதுக்கு இழுக்கணும்?" என்று அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

சொன்னேன். ஆடு அறுக்கும் பெரிய பெருநாளுக்கு என் கணவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார், அட்டை கிடைத்துவிடுமாம், இன்னும் நாற்பது நாள். சந்து முனையில் நின்று சீழ்க்கை அடிப்பார். ஒரே ஒரு தடவை இதற்குக் கேட்டுவிட்டால் போதும். அதன் பிறகு அந்த மருந்தை ஊற்றுகிறேன். சொல்லச் சொல்ல எனக்கே அசிங்கமாக இருந்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

"வலி யாருக்கு? அதுக்கு" என்றாள் டாக்டர். "கேக்கணும்ங்கிறது யாருக்கு? உங்களுக்கு. யோசிச்சு சொல்லுங்க."

நாற்பது நாள் கழுவுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் திட்டவில்லை. தலை ஒரு பக்கம் சாய்ந்தாலோ, நடக்கும்போது விழுந்தாலோ ஒரு நாளும் தாமதிக்காமல் வரச் சொன்னாள். அப்போது கிருமி உள்ளே போய்விட்டது என்று அர்த்தமாம்.

கழுவினேன். காலையிலும் சாயங்காலத்திலும் ரீஹின் முகத்தை என் முழங்கால்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு கழுவினேன். அது ஒருநாளும் என்னைக் கடித்ததில்லை. கடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கிண்ணத்தைப் பார்த்ததும் மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நிற்கும். பிறகு கூப்பிடாமலே தானாக வந்து என் முன்னால் உட்காரும். சாப்பாடு பாதியாகக் குறைந்தது. மெல்லும்போது காது வலிக்குமாம். கூஸ்கூஸைக் குழைத்து வாயில் ஊட்டினேன். ஆனால் வெள்ளிக்கிழமை கைபேசியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் சீழ்க்கைக்குத் தலையைத் தூக்கும். மூன்று வெள்ளிக்கிழமை தூக்கியது. கேட்கிறது, இன்னும் கேட்கிறது என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். தூ, அதுவும் ஒரு சந்தோஷமா.

முன்ஜியா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். எண்ணெய் விஷயத்துக்குப் பிறகு என்னோடு சரியாகப் பேசுவதில்லை. தப்பு செய்தவள் அவள், கோபமும் அவளுக்கே. ஒருநாள் பொறுக்க மாட்டாமல் வாய் திறந்தாள்.

"தலந்தா, நீ அதுக்கு வைத்தியம் பாக்கல. அதைக் கட்டி வச்சு உம் புருஷன் வர்ற வழியைப் பாத்துக்கிட்டிருக்கே."

"உங்க எண்ணெயால வந்த வினைதானே!" என்று கத்தினேன்.

"ஆமா, என் எண்ணெய்தான். நான் இல்லன்னா சொன்னேன்? அதுக்காக நீயும் சேந்து வதைக்கணுமா?"

கதவை அறைந்து சாத்தினேன். உண்மையைச் சொல்கிறவளை யாருக்குப் பிடிக்கும்?

பெருநாளுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தபோது, வெள்ளிக்கிழமை, லஸ்ஹர் கூப்பிட்டார். அந்தக் குரலில் முதல் வார்த்தைக்கே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"அட்டை குடுக்கிற தேதியை மாத்திட்டாங்க தலந்தா. இலையுதிர் காலத்துலதான் கூப்பிடுவாங்களாம்."

"சரிங்க."

"கோவமா?"

"எனக்கென்ன கோவம்? பெருநாள் வருஷா வருஷம் வருது."

பிறகு, "ரீஹ் காதுல வை" என்றார்.

வைத்தேன். அடித்தார். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. ரீஹ் தலையைத் தூக்கியது. எழுந்து கதவுப் பக்கம் போகப் பார்த்தது. இரண்டு அடி வைத்ததும் இடது பக்கம் சாய்ந்து, அப்படியே தரையில் விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து கதவைப் பார்த்து வாலை ஆட்டியது.

"எழுந்துச்சா?" என்று அங்கிருந்து கேட்டார்.

"எழுந்துச்சுங்க" என்றேன்.

அடிப்பாவி என்று என்னை நானே சொல்லிக்கொண்டேன். அவர் வரவேண்டும் என்று நான் ஏங்குவதற்கு இந்தப் பிராணி ஏன் விழ வேண்டும்? அவரை அனுப்பிய கடல் அதுவா? காகிதத்தை அடுக்கி வைத்திருக்கிற அதிகாரி அதுவா? மறுநாள் முதல் வண்டியில் கிபிலிக்குப் போனேன். மாடியிலிருந்து பார்த்த முன்ஜியா ஒன்றும் கேட்காமல் இறங்கி வந்து, போர்வையின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு வண்டிவரை தூக்கி வந்தாள்.

டாக்டர் ஒல்ஃபா பார்த்ததும் அலமாரியைத் திறந்து சின்னக் குப்பியை எடுத்து வைத்தாள். ஊசியும் போட்டாள். "நீங்களே விடுவீங்களா, நான் விடட்டுமா?" என்று கேட்டாள்.

"எண்ணெயையும் நான்தான் விட்டேன்" என்றேன். "இதையும் நானே விடறேன். ரெண்டு காதுக்கும் வேற வேற துணி. தெரியும்."

முதல் சொட்டு விடுவதற்கு முன் அன்று சாயங்காலம் ஒரு பைத்தியக்கார வேலை செய்தேன். ரீஹின் முன்னால் உட்கார்ந்து உதட்டைக் குவித்தேன். எங்கள் ஊரில் பெண்கள் சீழ்க்கை அடிக்க மாட்டார்கள், அடித்துப் பழக்கமும் இல்லை. காற்றுதான் வந்தது, புஸ் என்று. மறுபடியும் புஸ். கடைசியாக அதற்குக் கேட்கட்டும் என்று நினைத்தேன், அதுகூட எனக்கு வரவில்லை. பிறகு அதன் பெயரைச் சொன்னேன். "ரீஹ், ரீஹ், என் கண்ணு" என்று சொல்லிக்கொண்டே விட்டேன்.

ஆறாம் நாள் சாப்பாட்டைக் கிண்ணம் கிண்ணமாகக் காலி செய்தது. எட்டாம் நாள் சாய்ந்திருந்த தலை நிமிர்ந்தது. பத்தாம் நாள் அதன் முதுகுக்குப் பின்னால் சட்டி மூடி என் கையிலிருந்து நழுவி விழுந்தது. தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தம். ரீஹ் திரும்பவில்லை. முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது. நான் மூடியை எடுத்து வேண்டுமென்றே இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அது வந்து என் மடியில் காதை அழுத்தி, முழுப் பாரத்தையும் போட்டுப் படுத்தது. இரண்டு மாதத்தில் முதல் தடவை.

அடுத்த வெள்ளிக்கிழமை லஸ்ஹரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முயல், பார்லி, எண்ணெய், துணி, நான் இழுத்தடித்தது, மருந்து, எதையும் விடவில்லை.

"எங்கம்மா இருந்தாலும் எண்ணெய்தான் ஊத்தியிருப்பா" என்றார் கடைசியில்.

"திட்டணும்னா திட்டிடுங்க."

"என்னத்தைத் திட்டறது? நான் பக்கத்துலயா இருந்தேன்?" பிறகு, "நல்லா சாப்பிடுதா?" என்றார்.

"சாப்பிடுது. ஓடுது. நேத்து முன்ஜியா அக்காவோட ஆட்டைத் துரத்துச்சு."

"அப்ப இனி விசில் எதுக்கு" என்றார்.

"ஆமா, எதுக்கு" என்றேன்.

வைத்துவிட்டார். எனக்காக அடியுங்கள், நான்தான் இத்தனை நாளும் ஒரு விரல் இடைவெளி விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. எப்படிச் சொல்வது? நாற்பத்திரண்டு வயசுக்காரி புருஷனைச் சீழ்க்கை அடிக்கச் சொல்லிக் கேட்பாளா? அடுத்த வெள்ளிக்கிழமைகளில் காற்றைப் பற்றிப் பேசினோம், பேரீச்சையைப் பற்றிப் பேசினோம், ஐந்து நிமிஷம் ஆனதும் இரண்டு பேரும் சும்மா இருந்தோம். அந்தச் சும்மா இருக்கும் இடத்தில்தான் முன்பு சீழ்க்கை இருந்தது. ரீஹ் கம்பளத்தில் சுகமாகத் தூங்கியது. அதற்கு அந்தக் குறை தெரியவில்லை. எனக்குத்தான் தெரிந்தது. கோடை முழுக்கத் தெரிந்தது.

நவம்பரில் பேரீச்சை இறக்கினார்கள். நான் பழம் தரம் பிரிக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை அவரிடமிருந்து அழைப்பு வரவில்லை. நான் கூப்பிட்டாலும் போகவில்லை. மூன்று நாள் மனத்தில் என்னென்னவோ ஓடியது. செவ்வாய்க்கிழமை விடுமுறை, மதியம் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். முன்ஜியா மாடியில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

தூங்கிக்கொண்டிருந்த ரீஹ் சட்டென்று எழுந்தது. மூக்கைத் தூக்கிப் பார்த்தது. நகம் தரையில் வழுக்க ஓடிப் போய்க் கதவில் மூக்கை வைத்து நின்றது. வால் கதவு நிலையில் டக் டக் என்று அடித்தது.

"அக்கா, உங்க ஆடு மறுபடி அவுந்துக்கிச்சு பாருங்க" என்று கத்தினேன்.

அப்போதுதான் சந்து முனையிலிருந்து வந்தது. இரண்டு குட்டை. ஒரு நெட்டை. நெட்டை கடைசியில் கொஞ்சம் இறங்கியது.

ரீஹின் காது அசையவில்லை. என் கை மாவுக்குள் அப்படியே நின்றது. பிரமை என்றுதான் முதலில் நினைத்தேன். மாடியில் மிளகாய்த் தட்டு கீழே விழும் சத்தம் கேட்டது.

"யா ரப்பி, லஸ்ஹர்! எந்தம்பி!" முன்ஜியா அழுகையும் சிரிப்புமாகத் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். "அடேய் பைத்தியக்காரா, அதுக்குத்தான் காது கேக்காதுன்னு சொன்னாளேடா! செவிடன் காதுல சங்கு ஊதுற மாதிரி விசில் அடிச்சுக்கிட்டு வர்றே!"

சந்தில் கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டுக்காரி, தையல்காரர், எல்லோரும் வந்திருப்பார்கள். அவ்வளவு பேருக்கும் நடுவில் அவர் குரல் வந்தது, கைபேசியில் வருகிற மாதிரி இல்லாமல், முழுக் குரல்.

"ரீஹை யாரு கூப்பிட்டா அக்கா?"

தெருவில் ஒருவன் சிரித்தான். சீழ்க்கை இன்னொரு தடவை வந்தது, இந்தமுறை இன்னும் பக்கத்தில்.

அட்டை கிடைத்து வந்தாரா, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தாரா, ஒன்றும் தெரியாது. கை முழுக்க மாவு. துடைக்கவில்லை. முக்காடு தோளில் கிடந்தது, அதையும் எடுத்துப் போடவில்லை. ரீஹை இடுப்பால் ஒதுக்கிவிட்டு, மாவுக் கையோடு தாழ்ப்பாளை இழுத்துக் கதவைத் திறந்தேன்.